ஒரே பந்தியை நாடிய தெல்லிப்பழை மைந்தர்

கல்முனைவாசிகளுக்கு உவெஸ்லி என்பது முதலில் ஒரு பாடசாலையின் பெயர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த அப்பாடசாலையை 19ஆம் நூற்றாண்டில் நிறுவியது மெதடிஸ்த திருச்சபை. அத்திருச்சபை ஈழத்துத் தமிழர் ஒருவரை உலக அரங்குக்கு வழங்கியமை இன்றைய தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. அவரே வண. டானியேல் தம்பிராஜா நைல்ஸ்.

1908 மே 4ஆம் திகதி தெல்லிப்பழையில் பிறந்த நைல்ஸ், பங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பயின்று போதகரானார். 1938இல் தாம்பரத்தில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாடு அவரைப் பல நாட்டவருக்கும் அறிமுகப்படுத்தியது. பத்தாண்டுகளின் பின், 1948 ஆகஸ்டில், ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் அமைக்கப்பட்டது. போரில் சிதைந்த ஐரோப்பாவில், நேற்றுவரை எதிரிகளாயிருந்த நாட்டவரும் வந்தமர்ந்த அத்தொடக்க ஆராதனையில் உரையாற்றியோர் இருவர். ஒருவர் 83 வயதான அமெரிக்கர் ஜோன் மொட். மற்றவர் நாற்பதே வயதான நைல்ஸ். இலங்கை சுதந்திரமடைந்து ஏழு மாதமும் நிறையாத வேளை அது.

எனினும் அவரது மனத்தை உறுத்தியது உள்ளூர் நிலைமையே. மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்ரிஸ்த சபைகள் ஒரே வேதத்தை ஓதியும் ஒரே நற்கருணைப் பந்தியில் கூடத் தயங்கின. தோளோடு தோள் நின்று தொழுது பழகிய நம் முஸ்லிம் வாசகர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆயர் கைவைத்து அபிஷேகித்தவரே குரு என்பது அங்கிலிக்கன் நிலைப்பாடு. ஆயரே இல்லாத சபைகள் இதை எவ்வாறு ஏற்கும்? இங்கிலாந்தில் மூண்ட பிணக்கை இலங்கையர் ஏன் சுமக்க வேண்டும் என்பதே நைல்ஸின் ஆதங்கம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி வழி காட்டியிருந்தது. இலங்கைத் திட்டம் அதனினும் ஒருபடி மேலே சென்று, இணையும் நாளிலேயே எல்லாக் குருமாரின் பணியையும் ஒன்றாக்க முனைந்தது. அத்திட்டத்துக்காக உழைத்தோரில் நைல்ஸ் முதன்மையானவர்.

1957 முதல் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பொதுச் செயலாளராக விளங்கினார். மேற்கின் மிஷனரிமார் வாயிலாக அன்றி நேரடியாகவே ஆசியச் சபைகள் ஒன்றையொன்று அறியவேண்டும் என்றெண்ணி, 1963இல் அவர் தொகுத்தளித்த பாடற்புத்தகத்தில் தமிழ் மெட்டுகளும் சீன, ஜப்பானிய மெட்டுகளும் அருகருகே இடம்பெற்றன. அறிக்கைகள் பலவற்றைவிட அந்தப் புத்தகமே அதிகம் சாதித்தது என்பது எமது எண்ணம்.

1968 ஜூலையில் சுவீடனின் உப்சாலாவில் மன்றம் மீண்டும் கூடியபோது, தொடக்க அருளுரையை நிகழ்த்தவிருந்தவர் மாட்டின் லூதர் கிங். ஏப்ரல் 4ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட, அந்த இடத்தில் நிற்கும் பாரம் நைல்ஸின் தோளில் விழுந்தது. அம்மாநாட்டிலேயே மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் தெரிவானார்.

1970 ஜூலை 17ஆம் திகதி வேலூரில் அவர் காலமானபோது வயது 62. இலங்கைத் திருச்சபைகளின் இணைப்புத் திட்டமோ, இறுதிக்கட்டத்தை நெருங்கிய நிலையில், அவரது மறைவின் பின் வழக்கொன்றில் சிக்கி நின்றுபோனது. அச்சபைகள் இன்றும் தனித்தனியாகவே இயங்குகின்றன.