ஸ்டைன்மெட்ஸ் தாத்தா

மெஷின்ஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? ஹிஸ்டெரிசிஸ் இழப்பு எதைப் பொறுத்தது? ஃப்ளக்ஸ் அடர்த்தியின் 1.6 அடுக்கு என்று எழுதி, 'ஸ்டைன்மெட்ஸ்' என்ற பெயருக்கு அடிக்கோடும் போட்டுவிட்டு வருவோம். டிரான்ஸ்பார்மர் டிசைன்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பதால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஆசை.

1865-ல் பிரஸ்லாவ் நகரில் பிறந்தார் (இன்று அது போலந்தில் இருக்கிறது). பிறவியிலேயே கூன், இடுப்பெலும்பிலும் கோளாறு. வளர்ந்த பிறகும் உயரம் சுமார் நாலடிதான். அப்பாவுக்கும் கூன், தாத்தாவுக்கும் கூன். குடும்பச் சொத்து மாதிரி வந்து சேர்ந்தது. ஒரு வயதிலேயே தாய் போய்விட, பாட்டிதான் வளர்த்தார்.

கணக்கில் புலி. ஆனால் சோஷலிஸ்ட் பத்திரிகை வேலையில் இறங்கியதால் போலீஸ் தேட, 1888-ல் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. மறுவருஷம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது இந்த உடம்பையும் காலிப் பையையும் பார்த்து அதிகாரிகள் தயங்கினார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்ற பிறகுதான் உள்ளே விட்டார்கள். நம் பேட்சில் காலிப்பர் போட்டு நடந்த நண்பனை ஒரு கம்பெனி மெடிக்கலில் திருப்பி அனுப்பியது என் நினைவுக்கு வருகிறது. அவன் இன்று வேறிடத்தில் டிசைன் பிரிவுக்கே தலைவன், அது வேறு கதை.

யாங்கர்ஸ் ஊரில் ஐக்மெயர் என்பவர் தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார். ஏசி மின்சாரம் இரும்பை முன்னும் பின்னுமாகக் காந்தமாக்கும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. எவ்வளவு வீணாகும் என்பது மெஷினைச் செய்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. விதவிதமான இரும்பைச் சோதித்து, 1892-ல் அதைக் காகிதத்திலேயே கணக்கிட வழி சொன்னார். பிறகு ஜெனரல் எலக்ட்ரிக்கில் சேர்ந்தார். 1893-ல் சிகாகோ மின்சார மாநாட்டுக்குக் கொடுத்த கட்டுரையில், கால்குலஸோடு மல்லுக்கட்ட வைத்த ஏசி சர்க்யூட்டுகளை 'ஜே' போட்டு வெறும் அல்ஜீப்ராவாக்கிவிட்டார். நாம் இரண்டாம் வருஷம் தப்பித்தது அவர் புண்ணியம்!

இந்தக் கூன் தன்னோடு முடியட்டும் என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஸ்கெனெக்டடி ஊரில் அவருக்குப் பெரிய வீடு. அங்கே தன் லேப் உதவியாளர் ஹேடனையும் மனைவியையும் குடிவரச் சொன்னார். வேலை எப்படிப் போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாள் போட்ட கண்டிஷன். மனுஷர் ஒத்துக்கொண்டார். பின்னர் ஹேடனைச் சட்டப்படி மகனாகவே தத்தெடுத்தார். அவர்களுக்கு மூன்று குழந்தைகள். மூவருக்கும் இவர்தான் தாத்தா. கதை சொல்வதும், வாயுவையும் நெருப்பையும் வைத்து வேடிக்கை காட்டுவதுமாகப் பொழுது போகும்.

1902 முதல் யூனியன் கல்லூரியில் பாடமும் நடத்தினார். 1922-ல் லேபிலேயே செயற்கை மின்னலை வரவழைத்துக் காட்டினார். அடுத்த வருஷம் அக்டோபர் 26-ல், பேரப்பிள்ளைகள் வளர்ந்த அதே வீட்டில் காலமானார்.