பிரௌன் ஆட்டிவைத்த ஒளிப் புள்ளி!

1983-ம் ஆண்டு ஜப்பானில் "பேமிகாம்" என்ற வீடியோ விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. சிறுவர்கள் அதை வீட்டு டெலிவிஷனில் பொருத்தி விளையாடினார்கள். அந்த டெலிவிஷனின் கனத்த கண்ணாடிக் குழாயை ஜப்பானியர் "பிரௌன் குழாய்" என்றே அழைத்தனர்.

யார் இந்த பிரௌன்?

பள்ளி ஆசிரியர்

கார்ல் பெர்டினாண்ட் பிரௌன், ஜெர்மனியில் உள்ள புல்டா நகரில் 1850-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி பிறந்தார். 1872-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு லீப்சிக் நகரில் பள்ளி ஆசிரியர் ஆனார்.

ஆடும் புள்ளி

1897-ல் அவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேராசிரியர். மாறு மின்சாரம் நொடிக்குப் பல தடவை திசை மாறும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த முள்ளும் அவ்வளவு வேகமாக ஆடாது.

காற்று அகற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதற்குள் மின் கதிரைப் பாய்ச்சினார். எதிர்முனையில் ஒளிரும் பொருள் பூசிய திரை. கதிர் பட்ட இடத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது! பக்கத்தில் கம்பிச் சுருளை வைத்து மின்சாரம் செலுத்தினார். புள்ளி மேலும் கீழும் ஆடியது!

இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் அறியும்படி வெளியிட்டுவிட்டார்.

கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சிக்காக 1909-ல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஊர் திரும்பவில்லை

1914-ம் ஆண்டு இறுதி. யுத்த காலம். கம்பியில்லாத் தந்தி வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல, 64 வயதில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். யுத்தத்தால் திரும்ப முடியவில்லை. 1917-ல் அமெரிக்காவும் ஜெர்மனிமீது போர் தொடுத்தது. பிரௌன் எதிரி நாட்டுக்காரர் ஆனார்! 1918-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந்தேதி, புரூக்லினில் காலமானார். தம் குழாயில் டெலிவிஷன் படம் ஓடியதை அவர் காணவில்லை.

மீண்டும் வந்த ஒளி

டெலிவிஷனில் அந்தப் புள்ளிதான் வரி வரியாக ஓடிப் படம் வரைந்தது. வரிகளுக்கு நடுவே மெல்லிய இருட்டு, ஓரங்களில் மென்மை. பழைய விளையாட்டுப் படங்கள் அந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை. தட்டைத் திரையில் அவை கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

எனவே கம்ப்யூட்டரில் பழைய விளையாட்டுகளை ஆடுகிறவர்கள், "ஷேடர்" என்னும் கட்டளைத் தொகுப்பைக் கொண்டு அந்தப் பழைய திரையின் தோற்றத்தை வரவழைக்கிறார்கள். தயாராகக் கிடைக்கும் அமைப்புகளுக்கு "பிரீசெட்" என்று பெயர். அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

திரையைப் பாருங்கள். பழைய விளையாட்டுகளில் பல, 240 வரிகளுக்குள் அடங்கும். 2,160 வரித் திரையில் ஒவ்வொன்றுக்கும் 9 வரி சரியாகக் கிடைக்கும். இருட்டுக் கோடுகள் சீராக விழும். 1,080 வரித் திரையில் நாலரைதான் கிடைக்கும். கோடுகள் தடித்தும் மெலிந்தும் தெரியலாம். அதற்கு மென்மையான பிரீசெட்டே நல்லது.

கம்ப்யூட்டருக்கு வலு குறைவா? எளிய பிரீசெட்டை எடுங்கள். கனமானதை எடுத்தால் ஆட்டம் தடுமாறும். இருட்டுக் கோடுகள் வெளிச்சத்தைக் குறைக்கும். திரையின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1989-ல் வந்த "கேம்பாய்" போன்ற கையடக்கக் கருவிகளுக்கு இந்தக் கோடுகள் தேவையில்லை. அவற்றில் பிரௌன் குழாயே கிடையாது!

பிரௌனின் அஸ்தி, பிற்பாடு சொந்த ஊரான புல்டாவுக்கே வந்து சேர்ந்தது. அவர் ஆட்டிவைத்த புள்ளியின் சாயலோ, குழாயே இல்லாத திரைகளிலும் ஒளிர்கிறது!