கடிகாரத் தச்சர் ஜான் ஹாரிஸன்

ஊக்கம் குன்றிவிட்டது என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்க நேருகிறது. நமது காரியாலயத்துக்கு வரும் இளைஞருள் சிலர், இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு வேலையில் ஈடுபட்டிருந்து, பலன் கண்ணுக்குப் புலப்படாமையால் சலித்து, இனி எதைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்வது என்று வினவுகின்றனர். வாசகசாலை தொடங்கியவரும் அவர்களுள் உண்டு. உயர்ந்த பரீட்சை ஒன்றுக்குத் தனிமையில் படித்து வருபவரும் உண்டு. இவர்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு விருப்பமில்லை. உபதேசத்தினால் தளர்ந்த கை நிமிர்ந்ததாக நாம் கண்டதில்லை. ஆகவே, ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆங்கிலத் தச்சரின் சரித்திரத்தை அவர்கள் முன் வைக்கிறோம். ஒரே காரியத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர் அவர். எதனால் நின்றார் என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

ஜான் ஹாரிஸன் 1693-ஆம் ஆண்டில் யார்க்ஷயரைச் சேர்ந்த பௌல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். குடும்பம் பின்னர் ஹம்பர் நதியருகிலுள்ள பாரோ என்ற கிராமத்துக்குக் குடியேறிற்று. பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது அவருக்கு இல்லை. பாதிரியார் ஒருவர் இரவலாகக் கொடுத்த பௌதிகப் பிரசங்கங்களின் கையெழுத்துப் பிரதியைப் படம் உட்படத் தம் கையாலேயே பிரதி செய்துகொண்டார் என்பது ஒன்றே அவருடைய கல்வியைப் பற்றி நாம் கூறத்தக்கது. இருபது வயதுக்குள் முழுவதும் மரச் சக்கரங்களாலாகிய கடிகாரம் ஒன்றைச் செய்தார். அதன்பின் பிராக்கில்ஸ்பி மாளிகையின் கோபுரத்துக்கு அவர் அமைத்த கடிகாரத்தில், தானே எண்ணெய் கசியும் ஒருவகை வன்மரத்தைப் பயன்படுத்தியமையால், அதற்கு எண்ணெய் இடவே வேண்டியதில்லை. அக்காலத்து எண்ணெய் விரைவில் கெட்டுக் கடிகாரத்தைக் கெடுத்து வந்தது. பிறர் நல்ல எண்ணெயைத் தேடினர். ஹாரிஸன் எண்ணெயையே வேண்டாமென்று ஒதுக்கினார். அவருடைய புத்தியின் போக்கு இவ்வொன்றிலேயே விளங்கும்.

அவர் மேற்கொண்ட பெருங்காரியம் இன்னதென்பதைச் சிறிது விளக்க வேண்டும். நடுக்கடலில் செல்லும் மாலுமி, வடக்கு தெற்கில் தான் எங்கிருக்கிறான் என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ அளந்து அறியலாம். கிழக்கு மேற்கில், அதாவது தீர்க்க ரேகையில், தன் நிலையை அறிய அக்காலத்தில் நம்பத்தக்க வழி இல்லை. புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால் போதும். அதைக் கப்பலில் உள்ள மணியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு விடலாம். பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறதாதலின், நான்கு நிமிஷ வித்தியாசம் ஒரு பாகையாகும். ஆனால் ஆடியசையும் கப்பலில், வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்க, வாரக் கணக்காக மணி பிசகாத கடிகாரம் எங்கே இருந்தது? ஐஸக் நியூட்டனே அத்தகைய கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று பார்லிமெண்டுக் குழுவினிடம் அறிவித்திருந்தார்.

1707-ஆம் ஆண்டில் ஸிலித் தீவுகளின் பாறைகளில் மோதி இங்கிலாந்தின் நான்கு போர்க் கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கின. தீர்க்க ரேகைப் பிழை ஒன்றே அதற்குக் காரணமென்று இன்றைய ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. எனினும் ஜனங்களின் அச்சத்தை அது வளர்த்தது. 1714-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. மேற்கிந்தியத் தீவுகள் வரை செல்லும் பயணத்தில் அரைப் பாகைக்குள் தீர்க்க ரேகையைக் காட்டும் முறைக்கு 20,000 பவுன் பரிசு என்றும், அதைத் தீர்மானிக்க வான சாஸ்திரிகளும் கப்பற்படைத் தலைவர்களும் அடங்கிய சபை ஒன்று என்றும் ஏற்பாடாயிற்று. அரைப் பாகை என்பது பயணம் முழுவதற்கும் இரண்டு நிமிஷப் பிழை. நாளொன்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் பிசகலாகாது. முறை காரியத்தில் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தது. இவ்விதத் தெளிவற்ற நிபந்தனைகளே பிற்காலத்தில் எத்துணை வழக்குகளுக்குத் தாயாகின்றன என்பதை நியாயஸ்தலம் ஏறியவர்கள் அறிவார்கள்.

1730-ஆம் ஆண்டையொட்டி ஹாரிஸன் தம் படங்களுடன் லண்டன் சென்றார். ஹாலி என்னும் வான சாஸ்திரி அவரைப் புகழ்பெற்ற கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். தம் தொழிலின் இரகசியத்தைத் திருடிக்கொள்வாரோ என்று அஞ்சியே ஹாரிஸன் சென்றார். கிரஹாமோ காலையில் தொடங்கி இரவு வரை பேசியிருந்து, வட்டியின்றிக் கடனும் கொடுத்து அனுப்பினார். ஐந்தாண்டு உழைப்பில் முதல் கடற் கடிகாரம் முடிந்தது. எடை 75 ராத்தல். 1736-ல் அதனோடு லிஸ்பனுக்குக் கடற்பயணம் சென்றார். திரும்பும்போது கரை தென்படவே, கப்பல் தலைவர் அது இன்ன முனை என்றார். ஹாரிஸன் அதற்கு மேற்கே ஏறக்குறைய 60 மைலிலுள்ள வேறொரு முனை என்றார். தச்சர் சொன்னதே சரியாயிற்று.

அடுத்த ஆண்டு நடந்ததே இச்சரித்திரத்தில் நமக்கு மிகவும் வியப்பைத் தருவது. சட்டம் பிறந்து 23 ஆண்டுகளான பிறகு, முதன் முறையாகத் தீர்க்க ரேகைச் சபை கூடியது. அங்கத்தினர் யாவரும் கடிகாரத்தைக் கண்டு மகிழ்ந்தனர். மற்றொருவராயின் மேற்கிந்தியப் பயணத்துக்கு ஒரு கப்பல் கொடுங்கள், பரிசை எடுத்து வையுங்கள் என்று கேட்டிருப்பார். ஹாரிஸனோ தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, 500 பவுன் உதவினால் இரண்டாண்டில் இதனினும் சிறந்த ஒன்றைச் செய்து தருவதாகக் கூறினார். பாதித் தொகை உடனே கிடைத்தது. இரண்டாவது கடிகாரமும் முடிந்தது. அதன் அமைப்பில் அடிப்படையான பிசகொன்று இருப்பதைக் கண்டு, அதைக் கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கிவிட்டு, மூன்றாவதைத் தொடங்கினார்.

மூன்றாவது முடிய 19 ஆண்டுகள் ஆயின! 1740 முதல் 1759 வரை. முதல் கடிகாரத்தை அவர் தொடங்கியபோது மகன் வில்லியம் நடை பயிலும் குழந்தை. மூன்றாவது முடிந்தபோது அவன் முப்பது கடந்த ஆடவன், தந்தையின் துணைத் தொழிலாளி. இந்த 19 ஆண்டுகள் அவரைத் தாங்கி நின்றது எது? 20,000 பவுன் என்று சொல்வது எளிது. அது உண்மையாயின் 1737-லேயே அவர் அதைக் கேட்டிருப்பார். கீர்த்தியா? 1749-ல் ராயல் சங்கத்தார் தங்கள் மிக உயர்ந்த பதக்கத்தை அளித்தனர். பிறகும் பத்தாண்டுகள் கடிகாரம் முடியவில்லை. நமக்குத் தோன்றுவது இது: அவருடைய நாட்களை நிரப்பியது பெரிய லட்சியம் அன்று, அன்றன்றைய சிறிய குறை. வெப்பத்தினால் சுருள்வில் தளர்கிறதா? பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாகப் பிணைத்து, வெப்பத்துக்கேற்பத் தானே வளைந்து திருத்தும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். உராய்வு மிகுதியா? கூட்டுக்குள் அடைத்த உருளைகளின்மேல் அச்சைச் சுழலவிட்டார். அந்த இரட்டைத் தகடு இன்றும் வெப்பமானிக் கருவிகளில் வேலை செய்கிறது. அந்த உருளைக் கூட்டின் வழித்தோன்றல்கள் எண்ணற்ற யந்திரங்களுக்குள் சுழல்கின்றன. இடையிடையே சபை கொடுத்த 500 பவுன் உதவிகள் அடுப்பெரியச் செய்தன என்பதையும் மறைக்கலாகாது. வயிறு காய்ந்தவனிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவது நியாயமன்று.

ஆயினும் இவ்வளவு உழைத்த மூன்றாவது கடிகாரமும் அவர் கண்ட கனவாகவில்லை. இங்கேதான் பலர் இடறுவது. பத்தொன்பது ஆண்டு இட்ட முதலைக் கைவிட எவருக்கு மனம் வரும்? 1753-ல் ஜெப்ரிஸ் என்ற தொழிலாளி, ஹாரிஸன் கூறிய முறைப்படி, அவருடைய சொந்த உபயோகத்துக்காகச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். சிறு கடிகாரங்களை அதுவரை ஹாரிஸன் மதித்ததில்லை. இதுவோ எதிர்பாராத அளவுக்குச் சரியாக ஓடிற்று. சிறியதாகவும் விரைவாகவும் துடிப்பது கப்பலின் ஆட்டத்தைப் பொருட்படுத்தாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அறுபது வயதைக் கடந்தவர் அளவும் அமைப்பும் முற்றிலும் மாறிய நான்காவதைத் தொடங்கினார். 1759-ல் அது முடிந்தது. ஐந்து அங்குல விட்டம், மூன்று ராத்தலுக்குச் சிறிது மேற்பட்ட எடை, விநாடிக்கு ஐந்து துடிப்பு. குறி மாறவில்லை, அதற்கென முப்பதாண்டு வெட்டிய பாதையை மட்டும் அவர் விட்டுவிட்டார். அதை விடாதிருந்தால் விடாமுயற்சி என்ற பெயரில் வெறும் பிடிவாதமே எஞ்சியிருக்கும்.

1761 நவம்பரில் வில்லியம் அக்கடிகாரத்தோடு ஜமெய்க்காவுக்குப் புறப்பட்டார். 81 நாட்களுக்குப் பின் அதன் பிழை ஐந்து விநாடி! சட்டம் இரண்டு நிமிஷம் அனுமதித்தது. சபை இதனைத் தற்செயலாயிருக்கலாம் என்றது. 1764-ல் பார்படோஸுக்கு இரண்டாவது பயணம். 47 நாட்களில் பிழை 39 விநாடி. இதுவும் சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டதே. சபையோ 1765-ல் புதுச் சட்டம் ஒன்றைப் பெற்று, இரகசியத்தை வெளியிட்டால் பாதித் தொகையென்றும், பிறரும் இத்தகையன செய்ய முடியுமென்று நிரூபித்தால் மீதி என்றும் விதித்தது. வழக்குக்கு வந்த பின் விதியை மாற்றுவது எந்தத் தர்மத்தில் சேரும் என்று நமக்கு விளங்கவில்லை. சந்திரனை அளந்து தீர்க்க ரேகை கணிக்கும் போட்டி முறையின் தலைவரான மாஸ்கலின் என்பவரே அவ்வாண்டு அரச வான சாஸ்திரியாகி, சபையிலும் அமர்ந்தார். எனினும் நடுநிலை தவறாமல் ஒன்று கூறுவோம். ஒரே கடிகாரத்தைக் கொண்டு ஒரு கப்பற்படை நடவாது. சந்திர முறையும் பயன்பட்ட முறையே. மேலும் ஹாரிஸன் எவரையும் எளிதில் நம்பாதவர், கடுஞ்சொல்லர். அவருடைய எழுத்து நடையோ, தலையும் வாலும் காணமுடியாத வாக்கியங்களாலாயது. நமது பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால் நாமே திருப்பியனுப்பியிருப்போம்.

இரகசியத்தைச் சொல்லிப் பாதித் தொகையைப் பெற்றார். 1766-ல் அவருடைய மூன்று பெரிய கடிகாரங்களும் பறிக்கப்பட்டு வண்டியில் கிரீனிச்சுக்குக் கொண்டுபோகப்பட்டன. முதல் கடிகாரம் இறக்கும்போதே கீழே விழுந்தது. முப்பதாண்டுகள் கண்ணெனக் காத்தவர் அதைக் கேட்ட நேரத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அப்பொழுது அவருக்கு வயது 73. பின்னும் பட்டறைக்குச் சென்று ஐந்தாவது கடிகாரத்தைச் செய்து முடித்தார். 1772-ல் வில்லியம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு முறையிட்டார். மன்னர் தம் சொந்த வான சாஸ்திர சாலையில் அதைப் பரீட்சித்தார். முதலில் கடிகாரம் தாறுமாறாக ஓடவே, காரணம் தேடிப் பார்த்ததில், அருகிலிருந்த அலமாரியில் காந்தக் கற்கள் கிடந்தமை தெரிந்ததாம். அவற்றை அகற்றிய பின் பத்து வாரங்களில் பிழை ஐந்து விநாடிக்குள். 1773-ல் பார்லிமெண்டு 8,750 பவுன் அளித்தது. பரிசு என்று பெயரிட்டுச் சபை அவருக்கு ஒருநாளும் கொடுக்கவில்லை. வேறெவருக்கும் முழுப் பரிசைக் கொடுக்கவுமில்லை. நான்காவது கடிகாரத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு காப்டன் குக் தமது இரண்டாவது யாத்திரையைத் தெற்குச் சமுத்திரங்களில் நடத்தி, 1775-ல் அதனைப் புகழ்ந்துகொண்டே திரும்பினார்.

அதே 1775-ல் முதியவர் ஹாரிஸன் ஒரு நூல் வெளியிட்டார். தரையில் வைக்கும் ஊசல் கடிகாரம் ஒன்றைத் தம் முறைப்படி செய்தால் 100 நாட்களில் ஒரு விநாடிக்கு மேல் பிசகாது என்று அதில் எழுதினார். படித்தவர்கள் நகைத்தனர். 1776 மார்ச்சு 24-ஆம் தேதி அவர் லண்டனில் காலமானார். பெரிய கடிகாரங்கள் மூன்றும் ஒன்றரை நூற்றாண்டு துருவேறிக் கிடந்து, 1920-க்குப் பின் கப்பற்படை அதிகாரி கோல்டு என்பவரால் மீண்டும் ஓடலாயின. ஹாரிஸனுடைய முறைகளைப் பின்பற்றிச் செய்த ஊசல் கடிகாரம் ஒன்றை 2015-ஆம் ஆண்டில் கிரீனிச்சிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி முத்திரையிட்டுப் பரீட்சித்தனர். 100 நாட்கள் கழித்து அதன் பிழை விநாடியில் எட்டில் ஐந்து பங்காக இருந்தது.