ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கியவர்

நம் காலனிக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு ஒரு பரீட்சைச் சான்றிதழிலிருந்து தொடங்குகிறது. காவிரிக்கரையையும் பொருநைக்கரையையும் விட்டு, எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியும் தட்டெழுத்துப் பயிற்சியுமே கைம்முதலாக, நம் பாட்டனார்கள் வடக்கே ரயிலேறினார்கள். படிப்பை நம்பி ஊரைத் துறந்த அந்த வழியில் அவர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே நடந்த ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய சர் டி. முத்துசாமி ஐயர், 1832-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தை காலமானார். பிழைப்பை நாடித் தாயும் மகனும் திருவாரூருக்கு வந்தனர். விளையாட்டுப் பருவம் நீங்காத சிறுவன் அங்கே கிராமக் கணக்கு வேலையில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு அமர்ந்தான். பின்னர்த் தாயையும் இழந்தான்.

தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்து நீதிபதியானவர் என்று இவரைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளை அதட்டாத தமிழ்ப் பெற்றோர் அரியர். அதட்டலுக்கு அக்கதை உதவும். ஆயினும் விளக்கின் கீழ் உட்கார்ந்தவர் எல்லாரும் நீதிபதியாகிவிடவில்லை. முத்துசாமியின் வாழ்வைத் திருப்பியவர் திருவாரூரில் தாசில்தாராக இருந்த முத்துசாமி நாயக்கர். அணை ஒன்று உடைந்த செய்தி வந்தபோது கச்சேரியில் வேறு ஆள் இல்லாமையால் இச்சிறுவனையே அனுப்பினார் என்றும், அவன் திரும்பிவந்து அளித்த விவரங்களின் செம்மையைக் கண்டு வியந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சிறுவனின் கல்வி வேட்கையை உணர்ந்த தாசில்தார், அவனைச் சென்னைக்கு அனுப்பி ஆங்கிலம் கற்க வழிசெய்தார். சாதியோ உறவோ இல்லாத ஓர் அதிகாரியின் பார்வை அன்று தற்செயலாக அவன்மேல் விழுந்திராவிட்டால், திருவாரூரில் ஒரு கணக்கர் ஓய்வு பெற்றிருப்பார், அவ்வளவே.

சென்னையில், பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியில், பவல் துரையின் மாணாக்கரானார். அதே பள்ளியில் சில ஆண்டுகள் முன்னர்ப் பயின்ற டி. மாதவ ராவ் திருவிதாங்கூர்த் திவானின் புதல்வர். கற்றுயர்ந்து அவரும் திவானானார். திவான் வீட்டுப் பிள்ளைக்கும் கணக்கு எழுதிய பிள்ளைக்கும் ஒரே ஆசிரியர் வாய்த்தது அக்காலத்துக்குப் புதுமையே. 1854-இல் மாகாணம் முழுவதற்கும் பொதுவாக நடந்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் முத்துசாமி 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். பழைய சம்பளத்தில் அத்தொகையைச் சேர்க்க 41 ஆண்டுகளும் 8 மாதங்களும் வேண்டியிருந்திருக்கும்.

அப்பால் ஏணிப்படிகள் விரைவாகவே கடந்தன. 1856-இல் வக்கீல் பரீட்சையில் தேறினார். தரங்கம்பாடியில் முன்சீப், தஞ்சையில் டெபுடி கலெக்டர், மங்களூரில் நீதிபதி, சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் பதவிகள் தொடர்ந்தன. ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்துகொண்டே சட்டப் பட்டத்துக்குப் படித்துத் தேறினார் என்பது நமக்குத் தெருவிளக்குக் கதையினும் பெரிதாகத் தோன்றுகிறது.

1870-களின் இறுதியில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதனை எதிர்த்து எழுதின. மறுமொழி கூற இந்தியர் கையில் தக்கதோர் ஆங்கிலப் பத்திரிகை இல்லை. ஆசிரியர் இருவரும் சட்ட மாணவர் நால்வருமாக ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாயைக் கடனாக வாங்கி, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். அதுவே 'இந்து' பத்திரிகை. ஒருவரை உயர்த்திய அதே ஆங்கிலக் கல்வி, அவருக்காக வழக்காடவும் ஆறு பேரை ஆக்கி வைத்திருந்தது.

1893-இல் சில காலம் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் வகித்தார். சர் பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளிகள் அமைப்பது குறித்துச் சென்னை அரசாங்கம் தனி ஆணை பிறப்பித்ததும் அதே 1893-இல்தான் என்பதை நாம் மறைக்கலாகாது. முத்துசாமி ஐயர் ஏழை. ஆனால் எழுத்து புழங்கிய குடியில் பிறந்த ஏழை. கணக்கரின் பாயில் உட்காரவேனும் அவருக்கு இடம் இருந்தது. அதே தஞ்சைத் தரணியில் நாற்று நட்ட பண்ணையாளின் மகன் எவ்வளவு கூரிய அறிவினனாயினும், எந்தத் தாசில்தாரின் கண்ணிலும் படும் தொலைவில் நிறுத்தப்படவில்லை. நம் காலனியிலும் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுடன் வந்து, தாழ்வாரத்தில் அமர்ந்து பழைய செய்தித்தாளை எழுத்துக் கூட்டும் பெண் குழந்தையை நாம் அன்றாடம் காண்கிறோம். சங்கத்து வாசகசாலையில் அவளுக்கு இன்னும் நாற்காலி இட்டோமில்லை.

1895 ஜனவரி 25-ஆம் நாள், அறுபத்து மூன்று நிறைய மூன்று நாட்களே இருக்கையில், பதவியிலிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். உயர் நீதிமன்றக் கட்டிடத்துள் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. விடுமுறையில் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துவருவார்களாக.