மருத்துவர் ருக்மாபாய்

மாணவர்களே, மும்பையில் காமா மருத்துவமனை என்னும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அவ்வழியே சென்றவர்கள் உங்களுள் சிலர் இருக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1886இல் திறக்கப்பட்டது அது. அக்காலத்தில் அதே நகரத்து உயர்நீதிமன்றத்தில் இளம்பெண் ஒருவர்மீது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் பெயர் ருக்மாபாய்.

ருக்மாபாய் 1864ஆம் ஆண்டு மும்பையில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் பின்னர் சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். பதினோராம் வயதில் ருக்மாபாயைத் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் முடித்தனர். அக்கால வழக்கம் அதுவே. எனினும் சிறுமி தாய்வீட்டிலேயே தங்கி, நூல்களைத் தேடிப் படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

மனைவி தம்முடன் வந்து வாழ ஆணையிட வேண்டுமென்று 1884இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில், தம் இசைவின்றி நடந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது ருக்மாபாயின் வாதம். பெயரை மறைத்து ஆங்கில நாளிதழில் குழந்தை மணத்தின் கொடுமைகளையும் எழுதினார். 1885இல் நீதிபதி பின்ஹே அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

எதிர்ப்பு கனன்றது. நாட்டுப்பற்றில் சிறந்த திலகரும் அவரை எதிர்த்தார் என்பது நமக்கு வியப்பளிக்கும். நம் குடும்ப வழக்கங்களில் அந்நியர் நீதிமன்றம் தலையிடலாமா என்பது எதிர்த்தோர் கேள்வி. அக்கேள்வி முற்றும் பொருளற்றதன்று. ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தவர் ஒரு பெண்.

மேல்முறையீட்டுக்குப் பின் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. 1887 மார்ச்சில் வந்த தீர்ப்பு, கணவனிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்கே செல்வதாக ருக்மாபாய் விடையளித்தார்! இச்செய்தி இங்கிலாந்து வரை எட்டியது. இறுதியில் 1888இல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டார். சட்டம் அவரை விடுவிக்கவில்லை, பணமே விடுவித்தது.

காமா மருத்துவமனையின் மருத்துவர் எடித் பீச்சி அவருக்கு ஊக்கமளித்தார். நன்கொடை திரட்டப்பட்டது. 1889இல் கப்பலேறி, இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1894இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் அங்குப் பயின்றுகொண்டிருக்கையில், 1891இல், பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் இங்கு நிறைவேறியது. அதற்கான விவாதத்தை வளர்த்ததில் அவருடைய வழக்கிற்கும் பங்குண்டு.

நாடு திரும்பிய ருக்மாபாய் சூரத்திலும் பின்னர் இராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பணியாற்றினார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி, நோயை உள்ளேயே வைத்து மடிந்த பெண்கள் மிகுந்திருந்த காலம் அது. அத்தகையோருக்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் மருத்துவம் புரிந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1955 செப்டம்பர் 25 அன்று, தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். இந்துப் பெண்கள் நீதிமன்றத்தின் வழியே மணவிலக்குப் பெற வகைசெய்யும் இந்துத் திருமணச் சட்டம், அவ்வாண்டு மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.