மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் ஒரே கோல்: சங்கர் லட்சுமணின் வாழ்க்கை

இந்திய ஹாக்கியின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான சங்கர் லட்சுமண், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் ராணுவ நகரில் 1933 ஜூலை 7 அன்று பிறந்தார். 1947-ல் ராணுவ இசைக்குழுவில் சேர்ந்த அவர், முதலில் விளையாடியது கால்பந்து. மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியில்தான் ஹாக்கி கோல்கீப்பராக உருவெடுத்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல்கள் அடித்துத் தங்கம் வென்றது. எதிரணிகளால் ஒரு கோல்கூட அடிக்க இயலவில்லை. 1960 ரோம் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 எனத் தோற்றதால், 1928 முதல் இந்தியா வசமிருந்த தங்கம் கைநழுவியது. அதே பாகிஸ்தானை 1964 டோக்கியோ இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-0 என வீழ்த்தியது. மொஹிந்தர் லால் அடித்த அந்த ஒரு கோலைக் காத்து நின்றவர் லட்சுமண். கோல்கீப்பர்கள் தலைக்கவசமின்றி ஆடிய காலம் அது. பாகிஸ்தானுக்கு எதிரான மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் அவரைக் கடந்து சென்றது ஒரே ஒரு பந்துதான்.

1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அணித் தலைவராகத் தங்கம் வென்று தந்தார். அர்ஜுனா, பத்மஸ்ரீ விருதுகளும் கிடைத்தன. எனினும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் இடம் மறுக்கப்படவே, ஹாக்கியிலிருந்து விலகினார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வெண்கலமே கிடைத்தது.

ராணுவத்தில் கேப்டனாக ஓய்வுபெற்று, மோவில் மளிகைக் கடை நடத்தினார். காலில் ஏற்பட்ட திசு அழுகல் நோயால் 2006 ஏப்ரல் 29 அன்று அங்கேயே காலமானார்.