வெள்ளையாக விட்ட இடம்: புகைப்படக் கலைஞர் லாங் ஜிங்ஷான் (1892 - 1995)



நம் குடியிருப்பில் நடந்த கைபேசிப் புகைப்படப் போட்டியில், படங்களைத் தேர்வு செய்யும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். வந்த படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஓர் அங்குலம்கூடக் காலி இடம் இல்லை. கோலத்தை எடுத்தால் செருப்பு ஸ்டாண்டு, பக்கத்து வீட்டு சைக்கிள், மீட்டர் பெட்டி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ஒரே ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மழை மூட்டமான நாளில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு காகம். மீதி முழுவதும் சாம்பல் நிற வானம். பாதிப் படம் சும்மா கிடக்கிறதே என்று குழுவில் ஒரு கருத்து வந்தது. நானும் தலையாட்டினேன். அந்தப் படத்துக்குப் பரிசு இல்லை.

நான் தலையாட்டியதற்குக் காரணம் என் பழைய தொழில்தான். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் காலி இடம் என்றாலே பயம். செக்கில் தொகையை எழுத்தால் எழுதியபின் மிச்சமிருக்கும் இடத்தில் கோடு இழுக்க வேண்டும். லெட்ஜரில் காலி வரி விடக் கூடாது. விட்டால் யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள். காலி இடம் என்பது ஆபத்து என்றே நாங்கள் பயின்றோம்.

முடிவுகளை அறிவித்த மறுநாள், எப்போதோ படித்து வியந்த ஒரு சீனப் புகைப்படக்காரரின் நினைவு வந்தது. காலி இடத்தை வைத்தே ஒரு வாழ்நாள் முழுவதும் படம் செய்தவர் அவர். அந்தக் காகப் படத்தை எடுத்தவருக்கு நான் பட்டிருக்கும் கடனை இந்தக் கட்டுரையால் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

லாங் ஜிங்ஷான் 1892-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஹுவாய்யின் பகுதியில் பிறந்தார். லாங் என்பது குடும்பப் பெயர். ஜிங்ஷான் என்றால் அமைதியான மலை என்று பொருள். பின்னாளில் அவர் செய்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். தந்தை சிங் வம்ச அரசில் படை அதிகாரி. கலைகளில் ஈடுபாடு உள்ளவர். அதனால் தூரிகை ஓவியங்களையும் அழகெழுத்தையும் பார்த்தே அந்தப் பிள்ளை வளர்ந்தது.

பன்னிரண்டு வயதில் படிப்புக்காக ஷாங்காய்க்கு அனுப்பினார்கள். அங்கே நான்யாங் பள்ளியில் லீ ஜிங்லான் என்ற ஓவிய ஆசிரியர் இருந்தார். சீன ஓவியத்தின் இலக்கணத்தோடு காமிராவைக் கையாளுவதையும் இருட்டறை வேலையையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஓவியமும் புகைப்படமும் ஒரே வாத்தியாரிடமிருந்து வந்தன. இரண்டும் வெவ்வேறு துறை என்ற எண்ணமே அந்த மாணவருக்கு ஏற்படவில்லை போலும்.

படிப்பு முடிந்து ஷாங்காயின் பெரிய நாளிதழான ஷென்பாவில் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். பிறகு ஷிபாவ் என்ற நாளிதழுக்குப் புகைப்படச் செய்தியாளரானார். சீனாவின் முதல் பத்திரிகைப் புகைப்படக்காரர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள். 1928-இல் நண்பர்களோடு சேர்ந்து ஷாங்காயில் ஒரு புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். புகைப்படம் என்பது ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும் முகப்படம் மட்டும் அல்ல, அதுவும் ஒரு கலை என்று காட்டுவதுதான் அவர்கள் நோக்கம்.

அதற்கு ஒரு தடை இருந்தது. சீன மலை ஓவியத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காமிரா எடுக்கும் மலை திருப்தி தராது. ஓவியன் ஓரிடத்தில் நின்றுகொண்டு வரைவதில்லை. மலையில் நாட்கணக்கில் நடக்கிறான், ஏறுகிறான், இறங்குகிறான். வீட்டுக்கு வந்து, மனதில் தங்கியதை மட்டும் வரைகிறான். பதினோராம் நூற்றாண்டு ஓவியர் குவோ ஷி இதற்கு மூன்று தூரங்களை வகுத்தார். அடிவாரத்தில் நின்று சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது ஒன்று. முன்மலையில் நின்று பின்மலைகளுக்குள் ஊடுருவிப் பார்ப்பது இரண்டாவது. அருகிலிருந்து தொலைவை நேராகப் பார்ப்பது மூன்றாவது. ஒரே ஓவியத்தில் மூன்றும் இருக்கலாம். காமிராவுக்கோ ஒரே இடம், ஒரே நொடி. அங்கே ஒரு மின்கம்பம் இருந்தால் அதுவும் வந்துதான் தீரும்.

அதோடு சீன ஓவியத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. லியூபாய் என்பார்கள். வெள்ளையை விட்டுவைப்பது என்று அர்த்தம். மேகம், மூடுபனி, நீர் ஆகியவற்றை ஓவியன் பெரும்பாலும் வரைவதே இல்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிடுவான். தெற்கு சோங் காலத்து ஓவியர் மா யுவானின் பெயரில் ஒரு புகழ்பெற்ற ஓவியம் தோக்கியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சிறிய படகு, அதில் தூண்டில் போடும் ஒரு மனிதன், படகைச் சுற்றி நாலைந்து மெல்லிய அலைக்கோடுகள். வேறு எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் ஒரு பெரிய ஏரியையும் அதன் குளிரையும் உணர்கிறார்கள். ஏரியை வரைந்தது யார்? பார்ப்பவர்தான். ஓவியன் அதற்கு இடம் விட்டான், அவ்வளவே. மா யுவானுக்கு ஒருமூலை மா என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

இதைக் காமிராவில் எப்படிக் கொண்டுவருவது? லாங் கண்டுபிடித்த வழி இருட்டறையில் இருந்தது. ஃபிலிம் காலத்தைப் பார்த்திராத இளையவர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன்.

அந்தக் காலத்தில் படம் பிடித்ததும் கிடைப்பது நெகடிவ். அதில் வெளிச்சமான இடம் கறுப்பாகவும், இருட்டான இடம் தெளிவாகவும் இருக்கும். அதை என்லார்ஜரில் வைத்து விளக்கைப் போட்டால், கீழே உள்ள காகிதத்தில் வெளிச்சம் விழும் இடமெல்லாம் பிறகு மருந்தில் கறுக்கும். வானமும் மூடுபனியும் நெகடிவில் அடர்ந்த கறுப்பு. அதனால் அந்த இடத்தில் வெளிச்சம் இறங்காது, காகிதம் வெள்ளையாகவே நிற்கும். ஓவியத்தின் வெள்ளை என்பது தூரிகை தொடாத காகிதம். புகைப்படத்தின் வெள்ளை என்பது வெளிச்சம் தொடாத காகிதம். இரண்டும் ஒன்றேதான்.

லாங் ஒரு நெகடிவிலிருந்து மரத்தை மட்டும் காகிதத்தில் விழவைப்பார். மீதி இடத்தைக் கையாலோ அட்டையாலோ மறைத்துவிடுவார். பிறகு வேறொரு நெகடிவை வைத்து, மரம் விழுந்த இடத்தை மறைத்து, மேலே சிகரத்தை விழவைப்பார். தேவையானால் மூன்றாவதாக ஒரு படகோ பறவையோ வரும். இவற்றை ஒட்டினால் தையல் தெரியாதா? தெரியாது. ஏனென்றால் ஒரு நெகடிவ் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் அவர் மூடுபனியை வைத்தார். அதாவது எதையும் வைக்கவில்லை. மலையும் மரமும் அந்த வெள்ளையில்தான் ஒன்றுசேர்ந்தன.

பல நெகடிவ்களைச் சேர்ப்பது அவருக்கு முன்பே நடந்ததுதான். இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857-இல் முப்பதுக்கு மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். மேடை நாடகம் போல அதில் மூலைக்கு மூலை ஆட்கள். ரெய்லாண்டர் சேர்த்தது இடத்தை நிரப்புவதற்காக. லாங் சேர்த்தபோது இடம் காலியாகவே இருந்தது. தன் முறைக்கு அவர் ஜிஜின் என்று பெயர் வைத்தார். சிறந்த துண்டுகளைத் தேர்ந்து தொகுப்பது என்று பொருள் கொள்ளலாம்.

1934-இல் அவர் செய்த ஒரு படம் இங்கிலாந்தின் புகைப்படக் கண்காட்சிக்குத் தேர்வானது. வசந்த கால மரங்களுக்குப் பின்னால் பனியில் மிதக்கும் வியத்தகு சிகரம். அதன் பிறகு அவரது படங்கள் உலகின் பல கண்காட்சிகளுக்குச் சென்றன. பிரிட்டனின் ராயல் புகைப்படச் சங்கம் 1940-களில் அவரை ஃபெலோ ஆக்கியது. வெளிநாட்டுப் பாராட்டு எவ்வளவு வந்தாலும் அவர் நடையுடை மாறவில்லை. நீண்ட நீல அங்கியும் துணிக் காலணியுமே கடைசிவரை அவர் உடை.

அவருக்கு எதிரான கேள்விகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமாகாது. முதல் கேள்வி: செய்திக்குப் படம் எடுத்த ஒருவர், இல்லாத மலையை உருவாக்கலாமா? இன்று வாட்ஸ்அப்பில் ஒட்டுப்போட்ட படங்களைப் பார்த்து ஏமாறும் நமக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. லாங் தன் முறையை ஒளிக்கவில்லை என்பதே என் பதில். எப்படிச் சேர்க்கிறேன், எதற்காகச் சேர்க்கிறேன் என்று சீனத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கி எழுதினார். வவுச்சரைக் கூடவே இணைத்துவிட்டால் அது கள்ளக்கணக்கு ஆகாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. ஷாங்காய் எரிந்தது, லட்சக்கணக்கானோர் அகதியானார்கள். அப்படிப்பட்ட காலத்தில் பனி மூடிய மலையும் படகும் எதற்கு? இந்தக் கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதியைப் படித்தபோது அந்த மலைகளை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றியது.

உள்நாட்டுப் போர் முடிந்து 1949-இல் ஆட்சி மாறியபோது லாங் தைவான் சென்றார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நடுவில் இருந்தது ஒரு கடல் நீரிணைதான். ஆனால் அதைத் தாண்டிப் போகவோ வரவோ முடியாத காலம் வந்தது. அவருடைய மகள் லாங் யூசியூ பெரிய பாடகி, பிரஸ்ஸல்ஸில் இசை பயின்றவர். அவர் சீனாவிலேயே தங்கிவிட்டார். தந்தை ஒரு கரை, மகள் ஒரு கரை. தைவானில் உள்ளவர்கள் சீனாவில் இருக்கும் உறவினர்களைப் போய்ப் பார்க்க 1987 கடைசியில்தான் அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய 38 வருடம்!

ஊரையும் மலைகளையும் விட்டு வந்தவரிடம் பழைய நெகடிவ்கள் இருந்தன. அவற்றில் ஹுவாங்ஷான் மலையும் உண்டு. அன்ஹுய் மாகாணத்தில் 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கருங்கல் சிகரங்கள், பாறை இடுக்கில் வளரும் பைன் மரங்கள், காலடியில் கடல் போல மேகம். இளமையில் ஏறி இறங்கிப் படம் எடுத்த மலை அது. இனி அங்கே போக முடியாது. எனவே தைவானின் இருட்டறையில் பழைய நெகடிவ்களைப் புதியவற்றோடு சேர்த்தார். பல வருட இடைவெளியில், வெவ்வேறு ஊர்களில் எடுத்தவை ஒரே காகிதத்தில் கூடின. மேலே முன்பு எடுத்த சிகரம், கீழே பின்னாளில் எடுத்த மரம், இரண்டுக்கும் நடுவில் வெள்ளை. அந்த வெள்ளையை மூடுபனி என்று சொல்லலாம். கடக்க முடியாத கடல் என்றும் சொல்லலாம். இது என் ஊகம்தான். அவர் அப்படி நினைத்தார் என்று சொல்ல மாட்டேன்.

அவரைப் போலவே ஊரை விட்டு வெளியேறியவர் ஓவியர் ஜாங் தாச்சியன். நீண்ட தாடியும் அங்கியும் உடையவர். பிரேசிலில் பல வருடம் வாழ்ந்து, கடைசியில் தைவான் வந்து சேர்ந்தார். இருவரும் நண்பர்கள். லாங் அவரைப் படம் எடுத்து, தன் மலைகளுக்குள் ஒரு பழங்கால அறிஞரைப் போல நிற்கவைத்தார். ஊருக்குப் போக முடியாத நண்பரைப் படத்திலாவது சீன மலைக்கு அனுப்பிவைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

1953-இல் தைப்பேயில் தன் பழைய சங்கத்தை மீண்டும் தொடங்கினார். 1980-இல் அமெரிக்கப் புகைப்படச் சங்கம் உலகின் பத்து முதன்மைப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. தடைகள் தளர்ந்தபின், தொண்ணூறைத் தாண்டிய வயதில், சீனாவுக்குப் போய் வந்தார். 1995 ஏப்ரல் 13-ஆம் தேதி தைப்பேயில், 103-ஆவது வயதில் காலமானார்.

இனி நம் போட்டிக்கு வருகிறேன். இன்று நெகடிவும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். படம் எடுக்கும்போது ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். மீதியில் வானமோ வெள்ளைச் சுவரோ இருக்கட்டும். இரண்டடி இடதுபுறம் நகர்ந்தால் கேபிள் ஒயர் மறைந்துவிடும் என்றால் நகருங்கள். பனி மூடிய மார்கழிக் காலை நம் மாடியிலேயே கிடைக்கிறது. பக்கத்துக் கட்டடங்கள் பாதி மறையும் அந்த அரைமணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் காகப் படத்தை எடுத்தவர் யார் என்று பிறகு விசாரித்தேன். நம் பிளாக்கில் இருக்கும் ஒரு பள்ளி மாணவர். பெயரைப் போடலாமா என்று அவர் பெற்றோரிடம் இன்னும் கேட்கவில்லை. அடுத்த முறை என்னைக் குழுவில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், காலி இடத்தைக் கண்டவுடன் கோடு இழுக்கும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.